சாக்குக்குள் இருந்த கண்கள்

மச்சாள்,

இன்று காலை சந்திக் கடைக்கு அரிசி வாங்கப் போனேன். நேற்றைய மழைக்குக் கடைக்காரர் வாசலில் ஒரு சணல் சாக்கை விரித்துவிட்டிருந்தார். இப்போதெல்லாம் அரிசியும் வெங்காயமும் நைலோன் பையில்தான் வருகின்றன. அந்தப் பழைய சாக்கு அவருக்கு எங்கே அகப்பட்டதோ தெரியாது. அதன் மணம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் எழவில்லை. ஈரச் சணல், நெல்லுத் தூசு, அவற்றோடு ஒரு மனிதன் உள்ளே விட்ட மூச்சின் புளிப்பு. மிதியடியாகக் கிடக்கும் சாக்கில் மூச்சு மணக்க ஏலாது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் மணந்தது. ரீச்சருக்கு என்ன செய்யுது என்று கடைக்காரர் கேட்டார். பிரஷர் என்று சொல்லிவிட்டு, அரிசி வாங்காமலே வந்துவிட்டேன்.

என் ஆயுளில் நான் தலைக்குச் சாக்குப் போட்டவள் அல்ல. மழைக்குக்கூட போட்டதில்லை. ஆனால் ஒரு சாக்கின் உட்பக்கம் எப்படி மணக்கும் என்று எனக்குத் தெரியும். அதை எனக்குத் தந்துவிட்டுப் போனவள் நீ. உன்னிடம் இதைச் சொல்லிச் சண்டை பிடிக்கலாம் என்றால் நீயும் இல்லை. அதுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். பிறகு நீ என் அண்ணாவைக் கட்டிக்கொண்டு எனக்கு மச்சாளாக வந்தாய். எங்கள் அண்ணாவில் அப்படி என்னத்தைக் கண்டாய் என்று நான் கேட்டதற்கு, கண்ணைத்தான் என்றாய். எங்கள் அம்மாவுக்குப் பூனைக்கண். தேன் நிறத்தில், வெயில் பட்டால் பச்சையாகத் தெரியும். அது அண்ணாவுக்கும் எனக்கும் அப்படியே வந்தது. எந்தப் பறங்கியன் தந்துவிட்டுப் போன சீதனமோ என்று ஊர் பகிடி பண்ணும். வகுப்பில் பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் பூனை ரீச்சர். 'உன்ர முகத்தைப் பாத்துப் பழகினதில அவரைப் பாக்க எனக்கு வெக்கமே வரேல்லை' என்று நீ கலியாணத்துக்கு அடுத்த நாள் என் காதுக்குள் சொன்னாய். நான் உன் தொடையில் கிள்ளினேன்.

அண்ணாவுக்கு உள்துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிற பட்டறையில் வேலை. குளித்துவிட்டு வந்தாலும் டீசல் மணக்கும். எனக்குக் குச்சவெளியில் படிப்பித்தல். கிழமை நாட்களில் அங்கேயே ஒரு சக ஆசிரியையின் வீட்டில் தங்கிவிடுவேன். இரண்டாவது தடவை சண்டை மூண்ட வருசம் அது. பஸ் ஓடினால் வருவேன், ஓடாவிட்டால் அங்கேயே இருப்பேன். நகரத்தோடு ஒட்டிய பாலையூற்று வீட்டில் நீங்கள் இருவரும்தான்.

அந்த நாளை நான் பார்க்கவில்லை. இதை முதலில் எழுதிவைக்கிறேன். நான் அங்கே இல்லை. அடுத்த வளவு மனிசி சொல்லித்தான் தெரியும். காலையில் ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் எல்லோரையும் கோயில் வெளிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சுற்றிவளைப்பு எங்களுக்குப் புதிதில்லை; அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, எல்லோரும் போயிருக்கிறார்கள். ஒரு வாகனத்தின் முன் இருக்கையில், ஆட்களைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி இருந்திருக்கிறான். எங்கள் ஊரில் அந்தப் பெயர் சொன்னால் குழந்தையும் அழுகையை நிறுத்தும். தலையிலிருந்து மார்புவரை சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஆண்கள் ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க வேண்டும். அவன் சும்மா இருந்தால் வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் ஏற்றிவிடுவார்கள். அண்ணா நடந்தபோது அது ஆடியிருக்கிறது. அண்ணா ஒருதடவை திரும்பி உன்னைப் பார்த்தாராம். பிறகு ஏறிவிட்டாராம்.

எனக்குச் செய்தி வந்ததும் கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறினேன். அந்தக் கரைப்பாதையில் போய்வந்த பெண்களுக்குத் தெரியும், பஸ்ஸுக்குக் கண்ணாடி இருக்காது, மணல் அள்ளி அடிக்கும். சேலைத் தலைப்பை எடுத்துத் தலை, மூக்கு, வாய் எல்லாவற்றையும் சுற்றி இறுக்கிவிட்டு, கண்ணை மட்டும் வெளியே விட்டுக்கொண்டுதான் எல்லோரும் இருப்போம். சந்தியில் இறங்கினேன். ஓடினேன். சுற்றியதை அவிழ்க்க வேண்டும் என்று ஆருக்கு நினைவு வரும்?

நீ அறையில் அலுமாரியோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாய். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே நடுப்பகல் வெயில். நீ கத்தவில்லை. காலை மடக்கி மடக்கி அலுமாரிக்குள்ளேயே புகுந்துவிடப் பார்த்தாய். பிறகு மெதுவாகக் கையை உயர்த்தி என் முகத்தைக் காட்டினாய்.

"வந்திட்டியோ? இனி ஆரைக் காட்டப் போறாய்?"

அதிர்ச்சியில் உளறுகிறாய் என்று நினைத்தேன். தலைப்பை அவிழ்த்து எறிந்துவிட்டு உன்னைக் கட்டிப் பிடித்தேன். உன் உடம்பு விறகுபோல் கிடந்தது.

அண்ணாவைத் தேடி ஓர்ஸ் ஹில்லில் அரசாங்கக் கந்தோர் கந்தோராக நாங்கள் ஏறி இறங்கிய நாட்களிலேயே உனக்கு மறதி தொடங்கிவிட்டது. குழம்புக்கு உப்பைப் போடுவாய், திரும்பவும் போடுவாய். குளித்துவிட்டு வந்து, இன்னும் குளிக்கவில்லை என்று கிணற்றடிக்குப் போவாய். சாப்பிட்டாயா என்றால் என் முகத்தைப் பார்க்காமல் யோசிப்பாய். கந்தோர்க்காரர் கேட்ட கேள்விகளுக்கு உன்னிடம் பதில் இல்லை. அவர் என்ன சட்டை போட்டிருந்தார்? தெரியாது. நீ எங்கே நின்றாய்? தெரியாது. பக்கத்தில் ஆர் நின்றது? தெரியாது. அண்ணாவின் குரல்கூட உனக்கு மறந்துபோயிற்று. ஒருநாள் குசினிக்குள் நின்றுகொண்டு, 'அவர் என்னை என்னெண்டு கூப்பிடுவார்?' என்று என்னைக் கேட்டாய். நான் சொன்னேன். அந்தப் பெயரை வாய்க்குள் பலதடவை சொல்லிப் பார்த்தாய்.

ஆனால் சாக்கு மட்டும் உனக்கு நூல் நூலாக நினைவிருந்தது. இடப்பக்க ஓட்டை வலப்பக்கத்தைவிடப் பெரிது. அதன் கீழ் விளிம்பில் சணல் பிரிந்து மூச்சுக்கு ஆடியது. வாயிருந்த இடம் நனைந்து கறுத்திருந்தது. உள்ளே இருந்தது பூனைக்கண். ஒவ்வொரு தடவையும் அதே சொற்கள், அதே ஒழுங்கு. பிள்ளைகள் பாடமாக்கி ஒப்பிக்கும்போதுதான் அப்படி வரும். நடந்த ஒன்றைச் சொல்பவர்கள் கொஞ்சம் முன்பின்னாகச் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் என் கைமயிர் எழுந்து நிற்கும்.

மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு மனநோய் வைத்தியர் ஒருவர் வெளியூரிலிருந்து வருவார். இழுத்துக்கொண்டு போனேன். கடும் மனச்சோர்வு என்றார், அதோடு பயத்தால் வந்த நோயும் இருக்கிறது என்றார். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்றதும் கதிரையை இழுத்துப்போட்டு விளக்கினார். அதிரீனல் சுரப்பியைக் கரும்பலகையில் எத்தனை வருசம் வரைந்திருப்பேன்! பயம் வந்தால் ஓமோன் சுரக்கும், நெஞ்சு அடிக்கும், கண்மணி விரியும் என்பதோடு மணி அடித்துவிடும். மிச்சத்தை அந்த மனுசன்தான் எனக்குச் சொன்னார்.

பயத்தின் உச்சத்தில் அந்த ஓமோன்கள் கண்முன்னால் இருக்கும் ஒன்றை மட்டும் ஆழமாகப் பதியவைத்துவிடும். எங்கே, எப்போது, ஆரோடு என்று அதைச் சேர்த்துக் கட்டுவது மூளைக்குள் கடற்குதிரை போல வளைந்து கிடக்கும் ஒரு சின்னப் பகுதியின் வேலை. கோட்டிசோல் என்ற ஓமோன் கூடிப்போனால் அது திணறிவிடும். சுகமாக இருப்பவர்களுக்குப் பயம் போனதும் ஓமோனும் வடிந்துவிடும். உன்னைப் போன்ற நோய்க்காரரில் பலருக்கு வடியாது. மாதக்கணக்காக ஊறிக்கொண்டே இருக்கும். சிலருக்கு மறுவளமாகக் குறைந்தும் போகுமாம். வைத்தியர்களான தங்களுக்கே எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம் என்றும் சொன்னார். அந்த ஓமோனால்தான் உப்புப் போட்டது உனக்கு நினைவில் நிற்கவில்லை, பிரிந்த சணல் நின்றது. இடமும் நேரமும் இல்லாமல் தனியே கிடக்கிற நினைவு, பக்கத்தில் எது அகப்படுகிறதோ அதோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு அப்போதுதான் தலைக்குள் வெளித்தது. அண்ணா திரும்பிப் பார்த்த கண் அது. சுற்றியிருந்த துணி என்னுடையது. சாக்கு தலையாட்டியுடையது. மூன்றும் உனக்குள் ஒரே முகமாகிவிட்டன. மருந்தால் அதைப் பிரிக்கலாமா என்று கேட்டேன். நித்திரை வரும், உப்புச் சரிவரும் என்றார்.

"அந்தக் கண்ணை மட்டும் என்னால கழட்ட ஏலாது, ரீச்சர். அவ பொய் சொல்லேல்லை. அவவுக்கு அது நடந்திருக்கு."

வீட்டுக்கு வந்து உனக்கு இதைப் படிப்பித்தேன். என் பொறுமை உனக்குத் தெரியும்தானே, அரைவாசியில் கத்தத் தொடங்கிவிட்டேன். நான் குச்சவெளியில் நின்றனான், பாடசாலை முழுக்கச் சாட்சி, அது அண்ணாவின் கண், கோதாரி விழுந்த உன் மூளை அதைக் கொண்டுபோய்ச் சாக்குக்குள் வைத்துவிட்டது என்றேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாய். கடைசியில் சிரித்தாய்.

"அவற்ர கண்ணை எனக்குத் தெரியாதோடி?"

எனக்கு உன்னில் வந்த கோபம் கொஞ்சமில்லை. என் அண்ணாவும்தானே போனார். அவருக்காக என்னோடு சேர்ந்து அழ வேண்டிய ஒரே ஆள், அவரைக் காட்டிக்கொடுத்தவள் என்று என்னைப் பார்த்தது. விட்டுவிட்டுக் குச்சவெளியோடு போய்விடலாம் என்று பலதடவை பையை எடுத்தேன். பிறகு உனக்கு ஆர் மருந்து தருவது என்று வைத்துவிடுவேன். நகரத்துக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் முகத்தைப் பார்த்தபடி நீ ஒன்றையும் வாங்கமாட்டாய். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவாய். நான் உள்ளங்கையில் குளிசையை வைப்பேன், விரல்களை மடக்கிவிடுவேன். விழுங்கிவிட்டுத் தண்ணீருக்கும் அப்படியே நீட்டுவாய். பின்னேரங்களில் குசினி வாசற்படியில் முதுகோடு முதுகு சாய்ந்து இருப்போம். நீ கிணற்றுப் பக்கம், நான் உள்பக்கம். அப்படி இருந்தால் நாங்கள் பழையபடி நல்ல சிநேகிதிகள். பள்ளிக்கூடக் கதை கதைப்போம். என் முதுகெலும்பு குத்துகிறது, கொஞ்சம் சாப்பிட்டால் என்ன என்று பேசுவாய். நான் தவறித் திரும்பினால் மட்டும் உன் கதை பாதியில் நின்றுவிடும்.

பூனைக்கண் கதையை நீ என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அடுத்த வளவு மனிசியிடமும் சொல்லியிருக்கிறாய். அவள் ஆரிடம் சொன்னாளோ! அந்தக் காலத்தில் தலையாட்டி என்று ஒருவரைச் சந்தேகப்பட்டால் மற்றப் பக்கத்து இயக்கக்காரர் என்ன செய்வார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. பாலையூற்றிலிருந்து சாம்பல்தீவுவரை தேடினாலும் பூனைக்கண் உள்ள பெண் என்னைத் தவிர இல்லை. கடையில் எனக்குச் சாமான் தருகிறவர்கள் முகத்தைப் பாராமல் தரத் தொடங்கினார்கள். எங்கள் ஒழுங்கையால் போகிறவர்கள் எதிர்ப்பக்கத்தால் போனார்கள்.

ஒரு மத்தியானம் இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். சின்ன வயது. இடுப்பில் இருப்பது தெரியாமல் சட்டையை வெளியே விட்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என்னை அக்கா என்று கூப்பிட்டு, தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள். இவ்வளவு மரியாதையாக வந்தால் விசயம் பெரிது என்று எல்லோருக்கும் தெரியும். உன்னைக் கதிரையில் இருத்தினார்கள். என்னைப் பார்த்து, அக்கா அந்த வாசலில் வெளிச்சத்துக்கு நில்லுங்கோ என்றான் ஒருவன். அதே வாசல்நிலை. வெளியே அதே வெயில். என் முதுகு சுட்டது.

மற்றவன் உன் பக்கமாகக் குனிந்து, அன்றைக்குச் சாக்குக்குள் இருந்தது ஆர் என்று கேட்டான். நிமிர்ந்து அவவைப் பாத்துச் சொல்லுங்கோ என்றான்.

நீ நிமிர்ந்தாய். அத்தனை காலத்துக்குப் பிறகு கண்ணை முழுக்கத் திறந்து என்னைப் பார்த்தாய். நான் அசையவில்லை. உன் பார்வை என் இடக்கண்ணில் நின்றது, பிறகு வலக்கண்ணுக்குப் போனது, பிறகு இடக்கண்ணுக்கே திரும்பி வந்தது. நீ என்னை அடையாளம் கண்டுவிட்டாய் என்று எனக்குத் தெரிந்தது. உனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. நான் செத்தேன் என்று நினைத்தேன்.

நீ அவன் பக்கம் திரும்பி, கொண்டையை இழுத்து அவிழ்த்தாய்.

"தம்பி, நான் விசரி. கறிக்கு உப்புப் போட்டனானோ எண்டே எனக்கு ஞாபகம் நிக்காது. என்னட்ட வந்து கண்ணைக் கேக்கிறியள்?"

சொல்லிவிட்டு, நீங்கள் ஆர் என்று அவனைக் கேட்டாய். அவன் சொன்னான். திரும்பவும் ஆர் என்று கேட்டாய். சாப்பிட்டீர்களா என்றாய். கிளினிக்கில் தந்த குளிசைப் பைகளை எடுத்துவந்து அவன் மடியில் கொட்டினாய். அந்தப் பொடியனுக்கு முகம் வெளிறிவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழும்பினார்கள். விசர் மனிசியின் கதையைக் கேட்டு வந்தது பிழை என்று ஒருவன் மற்றவனுக்கு முணுமுணுத்தான். சைக்கிள் ஒழுங்கை முடக்கில் திரும்பும்வரை நான் நிலையை விட்டுக் கையை எடுக்கவில்லை. அவர்கள் பிறகு வரவேயில்லை.

அன்று பின்னேரம் படியில் முதுகோடு முதுகு இருந்தோம். உனக்கு உண்மை விளங்கிவிட்டது என்று நான் நம்பினேன். சந்தோசத்தில் எனக்கு நெஞ்சு விம்மியது. நான் இல்லை என்று தெரிந்துதானே சொல்லாமல் விட்டாய் என்று கேட்டேன்.

"நீதான்," என்றாய், மெதுவாக. "ஆனா அவர் திரும்பி வந்து தங்கச்சி எங்கை எண்டு கேட்டா, நான் என்ன சொல்லுறது?"

கிணற்றுக் கப்பி காற்றுக்கு முனகிக்கொண்டிருந்தது. பிறகு இன்னொன்று சொன்னாய்.

"நீ செய்தது செய்ததுதான். நான் அதை விட்டிட்டன்."

மச்சாள், அதற்குப் பிறகு உனக்குச் சுகம் வந்தது. நித்திரை வந்தது. உப்புச் சரிவந்தது, கடைசிக் காலத்தில் உன் மீன்குழம்புக்கு ஈடு இல்லை. அண்ணா உன்னைக் கூப்பிடும் விதம்கூட உனக்கு ஒருநாள் தானாக ஞாபகம் வந்து, நீ அழுதாய். சண்டை முடிவதற்கு முந்தின வருசம் சீனி கூடிச் சலரோகம் முற்றி நீ போகும்வரை, அந்தக் கண் மட்டும் என்னுடையதாகவே இருந்தது. அண்ணா வரவில்லை.

இனி எனக்கு நடப்பதைச் சொல்கிறேன். விஞ்ஞானம் படிப்பித்தவள் இப்படி எழுதலாமா என்று சிரிக்காதே. நீ அந்தக் கதையை ஒப்பித்த ஒவ்வொரு நாளும் எனக்கும் பயத்தில் நெஞ்சு அடித்தது. என் உடம்பிலும் அதே சுரப்பிதானே இருக்கிறது. அது தன் வேலையைச் செய்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். இப்போது சில மத்தியானங்களில் நான் கோயில் வெளியைப் பார்க்கிறேன். இரண்டு ஓட்டைக்குள்ளால் பார்க்கிறேன். இடப்பக்க ஓட்டை பெரிது. பிரிந்த சணல் என் இமையில் உரசுகிறது. வாயிருக்கும் இடம் என் மூச்சால் நனைந்திருக்கிறது. ஆண்கள் ஒவ்வொருவராக நடந்து வருகிறார்கள், அவர்களுக்குள் அண்ணாவும் வருகிறார். நீலக் கோடு போட்ட சட்டை, கொலரில் டீசல் கறை.

அந்தச் சட்டையை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. உனக்கு அது நினைவே இல்லை. போன வருசம் அடுத்த வளவு மனிசியிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். ஓம் பிள்ளை, அந்த நீலக் கோடு போட்ட சட்டைதான், உனக்கு எப்பிடித் தெரியும் என்றாள். அவரிடம் இருந்ததே கொஞ்சச் சட்டைகள்தான், எதையோ நினைத்தேன், அது பொருந்திவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் துணியால் மூடினேன்.

நான் அங்கே இல்லை. குச்சவெளியில் அன்றைக்கு எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். இதை ஆர் கேட்டாலும் சொல்வேன். உன் மன்னிப்பு எனக்குத் தேவையில்லாதது என்று எவ்வளவோ காலம் உன்னோடு மனதுக்குள் வாதாடியிருக்கிறேன். செய்யாததற்கு எதற்கு மன்னிப்பு என்று கோபப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்த மத்தியானங்களில் அண்ணா கிட்ட வரும்போது நான் கழுத்தை விறைக்கப் பிடிக்கிறேன், பல்லைக் கடிக்கிறேன், அசையக் கூடாது என்று முழு உடம்பாலும் பிடித்துக்கொள்கிறேன். அப்படியும் தலை ஆடிவிடுகிறது. அண்ணா திரும்பிப் பார்க்கிறார். அந்த நேரத்தில், நீ படியில் இருந்து 'நான் அதை விட்டிட்டன்' என்று சொன்னதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதைத் தவிர வேறொன்றும் எனக்கு உதவுவதில்லை.